பந்து யார் கையில்?

உங்கள் வீட்டில் பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு மகன் இருக்கின்றானா சகோதரி? அப்படியானால் ஒரு கேள்வி. அவன் யாருடைய சொல்லைக் கேட்கின்றான்? வாப்பா சொன்னால் தலையை ஆட்டிவிட்டு அப்பால் போய்விடுவான். நீங்கள் சொன்னால் "அது எனக்குத் தெரியும் உம்மா" என்பான். ஆசிரியர் சொன்னால், அது பரீட்சைக்கு வருமா என்று மட்டும் பார்ப்பான். ஆனால், அஸருக்குப் பிறகு மைதானத்தில் அவனோடு பந்து விளையாடும் இருபத்திரண்டு வயது நானா ஒருவர் "தம்பி, அந்தக் கூட்டாளிமாரோடு சேராதே" என்று ஒரேயொரு வார்த்தை சொல்லட்டும். அன்றிரவு சோறு தின்னும்போது கூட அதையே யோசித்துக்கொண்டிருப்பான்.

தாய்மார்களாகிய எமக்கு இது கொஞ்சம் மனவருத்தத்தைத் தரும் விடயந்தான். பத்து மாதம் சுமந்தவள் சொல்லாததையா அந்தப் பையன் சொல்லிவிட்டான் என்று தோன்றும். எனினும் உண்மை அதுதான். இந்தச் சின்ன உண்மையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஸ்கொட்லாந்தில் பிறந்து, அமெரிக்காவில் படித்த ஓர் இளைஞர் ஆபிரிக்கக் கண்டத்தில் செய்த காரியத்தைத்தான் இம்முறை உங்களோடு பேசப் போகின்றேன். அவர் பெயர் டொமி கிளார்க். தொழில், பிள்ளைகள் வைத்தியர். கையில் எடுத்த ஆயுதம், ஓர் உதைபந்து!

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றேன். இது எயிட்ஸ் நோயைப் பற்றிய கதையும்தான். எனவே வழமையாக நாம் குரலைத் தாழ்த்திக் கதைக்கும் சில விடயங்கள் இதில் வரும். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குரலைத் தாழ்த்தியதால் ஒரு நாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் கதையே.

மன்னர் பரம்பரையின் கழகம்

ஆபிரிக்காவின் தென்பகுதியிலுள்ள சிம்பாப்வே 1980ஆம் ஆண்டு சுதந்திரம் பெற்ற நாடு. அதன் இரண்டாவது பெரிய நகரம் புலவாயோ. அந்நகரில் 'ஹைலண்டர்ஸ்' என்றொரு உதைபந்தாட்டக் கழகம் இருக்கின்றது. 1926ஆம் ஆண்டு அதைத் தொடங்கியவர்கள், இன்டெபெலே மக்களின் கடைசி மன்னர் லொபெங்குலாவின் பேரர்கள். ஆகவே அவ்வூர் மக்களுக்கு அது வெறும் விளையாட்டுக் கழகமல்ல. தம் மானமும் மரியாதையுமாகவே அதை நினைக்கின்றனர். ஹைலண்டர்ஸ் விளையாடும் நாளில் பார்பர்பீல்ட்ஸ் மைதானம் கறுப்பும் வெள்ளையுமாக நிறைந்துவிடும். அந்த அணியில் விளையாடும் ஒருவர் தெருவில் நடந்தால் பின்னால் ஒரு சிறுவர் பட்டாளமே நடக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1980களின் முற்பகுதியில் இக்கழகத்தைப் பயிற்றுவிக்க வந்தார் பொபி கிளார்க் என்பவர். அபர்டீன் கழகத்துக்கும் ஸ்கொட்லாந்தின் தேசிய அணிக்கும் கோல் காப்பாளராக விளையாடிப் பெயர் பெற்றவர். தனியாக வரவில்லை, குடும்பத்தோடு வந்தார். மகன் டொமி அப்போது சிறுவன். குளிர்நாட்டில் பிறந்த பிள்ளை புலவாயோவின் வெயிலில் பந்தின் பின்னால் ஓடித் திரிந்தான். வெள்ளைக்காரரின் ஆட்சி முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில், கறுப்பினத்துப் பிள்ளைகளோடு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை விளையாடித் தோழமை கொள்ள உதைபந்தாட்டத்தை விட இலகுவான வழி வேறென்ன இருந்திருக்க முடியும்?

பிறகு தந்தைக்கு அமெரிக்காவிலுள்ள டார்ட்மத் கல்லூரியில் பயிற்றுநர் பதவி கிடைத்தது. குடும்பம் அங்கே போனது. டொமியும் அதே கல்லூரியில் படித்தார், விளையாடினார். 1990களின் முற்பகுதியில் பட்டம் பெற்றார். அந்த வயதில் எம்மவர் பிள்ளைகளாக இருந்தால் முதலில் ஒரு நல்ல உத்தியோகம் தேடச் சொல்வோம். அவரோ புறப்பட்டு மீண்டும் புலவாயோவுக்கே போனார். பகலில் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தார். மாலையில், தந்தை ஒரு காலம் பயிற்றுவித்த அதே ஹைலண்டர்ஸ் அணிக்காக விளையாடினார்.

பெயர் சொல்லப்படாத வருத்தம்

சிறுவனாக அவர் கண்ட புலவாயோ அல்ல அது. சிம்பாப்வேயில் எயிட்ஸ் நோயாளர் ஒருவர் முதன்முதலில் இனங்காணப்பட்டது 1985இல். அதற்குப் பின் நோய் காட்டுத்தீயாகப் பரவியது. 1990களின் பிற்பகுதியில், அந்நாட்டில் வளர்ந்தோர் நால்வரில் ஒருவருக்கும் மேற்பட்டோரின் உடலில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. சற்று நிறுத்தி இதை யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு எண்ணிக்கொண்டு போங்கள். வாப்பா, உம்மா, சாச்சா, மாமி... நால்வருக்கு ஒருவர்! 1990 அளவில் அறுபது வயதை எட்டியிருந்த அந்நாட்டு மக்களின் சராசரி ஆயுட்காலம், 2000களின் முற்பகுதியில் நாற்பதுகளின் நடுப்பகுதிக்கு இறங்கிவிட்டது. தாயுமில்லாமல் தகப்பனுமில்லாமல் உம்மம்மாமார் கையில் வளர்ந்த பிள்ளைகள் இலட்சக்கணக்கில்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது ஊர் என்ன செய்தது? ஒன்றும் கதைக்கவில்லை. மரண அறிவித்தலில் 'நீண்டநாள் சுகவீனம்' என்று போடுவார்கள். கேட்டால் காசநோய் என்பார்கள், நியுமோனியா என்பார்கள். அதுவும் முழுப் பொய்யல்ல. எச்.ஐ.வி. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிட்ட பிறகு, காசநோயும் நியுமோனியாவும்தான் வந்து உயிரைக் கொண்டு போகின்றன. ஆனால் கதவைத் திறந்துவிட்டது யார் என்பதை மட்டும் எவரும் சொல்லமாட்டார்கள். (எம்மிடையேயும் புற்றுநோய் என்று வாயால் சொல்லாமல் 'அந்த வருத்தம்' என்று சொல்லும் பழக்கம் இல்லையா, என்ன?)

டொமி கிளார்க்கின் மனதை உறுத்தியதும் இதுதான். வகுப்பறையில் இல்லை, உடைமாற்றும் அறையில் இல்லை, எங்குமே இந்நோயைப் பற்றிப் பேச்சில்லை. அவரோடு தோளோடு தோள் நின்று விளையாடியவர்களில் சிலர், பின்வந்த ஆண்டுகளில் ஒருவர் பின் ஒருவராக எயிட்ஸுக்குப் பலியாகினர். ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய கால்கள் அவை. இளமையின் உச்சியில் நின்றவர்கள்.

இவ்விடத்தில் அந்த இளைஞர் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. உடனே ஒரு சங்கத்தைத் தொடங்கி, பதாகை கட்டி, படம் பிடித்து அனுப்பவில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பிப்போய் வைத்தியம் படித்தார். பிள்ளைகள் வைத்தியத் துறையில் மேற்பயிற்சிக்குச் சேர்ந்தார். வெளிநாடு போய்ச் சேவை செய்யப் புறப்படும் பல இளைஞர்கள் ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் திருத்திவிடலாமென்று நினைக்கின்றனர். அந்த ஊரில் சிறுவனாக வாழ்ந்து, ஆசிரியனாக வாழ்ந்து, அதன் பின்னரும் பத்தாண்டளவு படித்து, பொறுத்திருந்துதான் இவர் கையை வைத்தார்.

மருந்துகள் 1996 அளவிலேயே வந்துவிட்டன. ஆனால் அவை பணக்கார நாடுகளுக்கு வந்த மருந்துகள். ஒரு நோயாளிக்கு வருடமொன்றுக்குப் பத்தாயிரம் டொலர் வரையில் செலவாயிற்று. சிம்பாப்வேயின் ஏழை எங்கே போவான்? எனவே நோய் வருமுன் காப்பதொன்றே வழி. சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. வானொலியில் சொல்லப்பட்டது. பிள்ளைகள் அவற்றைப் பார்த்தார்கள், கேட்டார்கள், தம் பாட்டில் போனார்கள். தகவல் இல்லாமல் இல்லை. சொல்பவர்தான் சரியில்லை என்பதை டொமி கண்டுகொண்டார். பிள்ளைகள் யார் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார்களோ, அவர் வாயிலிருந்து அது வரவேண்டும்.

புலவாயோவில் அந்த வாய் யாருடையது? உதைபந்தாட்ட வீரருடையது.

பொம்மையை அடித்த பிள்ளைகள்

இது வெறும் ஊகமல்ல. இதற்குப் பின்னால் படிப்பும் இருக்கின்றது. அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலறிஞர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1961இல் ஒரு பரிசோதனை செய்தார். காற்றடைத்த பெரிய பொம்மையொன்றை வளர்ந்தவர் ஒருவர் அடித்து உதைப்பதைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். பிறகு அப்பிள்ளைகளை அதே போன்ற பொம்மையோடு விட்டார்கள். பார்த்ததை அப்படியே செய்தன பிள்ளைகள்! அமைதியாக விளையாடியவரைக் கண்ட பிள்ளைகள் அவ்வாறு செய்யவில்லை. பிள்ளைகள் காதால் கற்பதை விடக் கண்ணால் கற்பது அதிகம் என்ற இந்த அறிவின் மீதுதான் டொமியும் தோழர்களும் தம் பாடங்களைக் கட்டினார்கள். சின்ன மகள் தலையணையை மடியில் போட்டுக்கொண்டு உங்களைப் போலவே அதட்டுவதைக் கண்டவர்களுக்கு பண்டூராவை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

2002ஆம் ஆண்டு 'கிராஸ்ரூட் சொக்கர்' என்ற அமைப்பு பிறந்தது. அடிமட்ட மக்களின் உதைபந்தாட்டம் என்று பொருள் கொள்ளலாம். டொமியோடு சேர்ந்து அதை உருவாக்கியவர்கள் மூவர். மூவருமே ஹைலண்டர்ஸ் அணியில் விளையாடியவர்கள். ஒருவர் மெதெம்பே என்ட்லோவு. அந்த மண்ணின் மைந்தர், சிம்பாப்வே தேசிய அணிக்கு விளையாடியவர், டொமி படித்த அதே டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். மற்றவர் கேர்க் பிரீட்ரிக் என்ற அமெரிக்கர். மூன்றாமவர் ஈதன் ஸோன்.

இந்த ஈதன் ஸோனின் கதையையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'சர்வைவர்' என்றொரு போட்டி நிகழ்ச்சி. அந்நாட்களில் பதினாறு பேரை ஆளரவமற்ற ஓரிடத்தில் விட்டுவிடுவார்கள். அவர்களே வாக்களித்து ஒவ்வொருவராக வெளியேற்ற வேண்டும். அப்போது முப்பத்தொன்பது நாள் தாக்குப்பிடித்து மிஞ்சியவருக்குப் பத்து இலட்சம் டொலர்! 2001இல் அது கென்யாவில் படமாக்கப்பட்டது. போட்டியின் நடுவே ஈதனுக்கு வம்பா என்ற ஊருக்குப் போக வாய்ப்புக் கிட்டியது. அங்கே வைத்தியசாலையொன்றின் வெளியே சில பிள்ளைகளோடு, காலால் தட்டி விளையாடும் சிறு பந்தொன்றை வைத்து விளையாடினார். பிறகுதான் தெரியவந்தது, அப்பிள்ளைகள் எச்.ஐ.வி. தொற்றியவர்கள் என்று. விளையாடிய பந்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு வந்தார். 2002 ஜனவரியில் அவர்தான் வெற்றியாளரென அறிவிக்கப்பட்டது. கிடைத்த பணத்தின் ஒரு பகுதி டொமியின் யோசனைக்கு முதலீடாயிற்று. அத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

மைதானத்தில் நடந்த பாடம்

2003இன் தொடக்கத்தில் புலவாயோவில் வேலை ஆரம்பமாயிற்று. பெயர்பெற்ற உதைபந்தாட்ட வீரர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பாடசாலைகளுக்குப் போனார்கள். வகுப்பில் நின்று விரிவுரை ஆற்றவில்லை. பந்தை எடுத்தார்கள். எப்படியென்று கேட்கின்றீர்களா? இரண்டு விளையாட்டுகளை மட்டும் சொல்கின்றேன்.

முதலாவது, பந்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. பிள்ளைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். ஒரு வரிசையிலுள்ளவர்கள் தம் முதுகுக்குப் பின்னால் சிறு பந்தொன்றைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுப்பார்கள். நிறுத்தச் சொன்னதும் அனைவரும் கைகளைப் பின்னால் கட்டியபடியே நிற்பார்கள். எதிர்வரிசை முகத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும், பந்து யார் கையில்? "அவள் சிரிக்கிறாள், அவளிடந்தான்" என்பார்கள். இருக்காது. "இவன் முழிக்கிற முழியைப் பார்த்தால் இவனிடந்தான்" என்பார்கள். அவனிடமும் இருக்காது. ஒரே ஆரவாரமாக இருக்கும். நாலைந்து தடவை தோற்ற பிறகு பயிற்றுநர் கேட்பார்: "முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்ததா?" முடியவில்லை. "இந்தப் பந்துதான் எச்.ஐ.வி. என்றால்?"

அவ்வளவுதான். பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். மெலிந்தவனுக்குத்தான் அந்த நோய், கொழுத்து மினுங்குபவனுக்கு இல்லை என்று ஊரில் சொன்னதெல்லாம் அந்த ஒரு கணத்தில் பொய்யாகிவிடும். எச்.ஐ.வி. தொற்றியவர் சிகிச்சையின்றியே எட்டு, பத்து வருடம் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கக்கூடும். இரத்தத்தைப் பரிசோதித்தாலன்றி அவருக்கே தெரியாது. இதைப் பத்துப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் எந்தப் பிள்ளை வாசிக்கும்?

இரண்டாவது விளையாட்டு இன்னும் ஆழமானது. மைதானத்தில் கூம்புகளை நிறுத்தி வைப்பார்கள். ஒவ்வொரு கூம்பும் ஓர் ஆபத்து. ஒன்று மது. ஒன்று பலரோடு உறவு. ஒன்று, பணமும் பரிசும் காட்டி இளம் பெண்களை வளைக்கும் வயதில் மூத்த ஆண். கூம்புகளில் படாமல் பந்தைக் கொண்டு போக வேண்டும். முதற் சுற்றில், கூம்பில் பந்து பட்டால், பட்டவர் மட்டும் தரையில் கையூன்றித் தண்டால் எடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் அவரோடு அவர் தோழரும் எடுக்க வேண்டும். மூன்றாம் சுற்றில், ஒருவர் பிழைவிட்டாலும் முழு அணியுமே கையூன்ற வேண்டும்! "நான் செய்தால் எனக்குத்தானே" என்று சொல்லும் வயதிலுள்ள பிள்ளைகளுக்கு இதை விட எப்படிச் சொல்வது? ஒருவர் விடும் பிழையைக் குடும்பமும் ஊரும் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கிறதென்று கைகள் வலிக்க வலிக்க விளங்கிக்கொள்கின்றார்கள்.

விளையாட்டு முடிந்ததும் வட்டமாக உட்காருவார்கள். பயிற்றுநர் தன் சொந்தக் கதையைச் சொல்வார். தன் சகோதரனை இழந்த கதையாக இருக்கலாம். தானே இரத்தப் பரிசோதனைக்குப் போகப் பயந்த கதையாக இருக்கலாம். பெரியவர் ஒருவர் தன் பயத்தை ஒளிக்காமல் சொன்னதும் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். நல்ல பதில் சொன்ன பிள்ளைக்கு, எல்லாரும் சேர்ந்து தாளத்தோடு கைதட்டிப் பாராட்டும் ஒரு வழக்கமும் உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கிலோ'. கடையில் நிறுக்கும் அதே கிலோதான்.

பலன் இருந்ததா? தொடக்கத்திலேயே வெளியார் ஒருவரைக் கொண்டு அளந்து பார்த்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. எனக்கு அந்த ஆய்வில் மனதைத் தொட்ட கணக்கு ஒன்று. இந்நோய் பற்றிய பிரச்சினை வந்தால் யாரிடம் போய்ப் பேசுவாய், மூன்று பேரின் பெயரைச் சொல் என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். பயிற்சிக்கு முன் மூன்று பெயர் சொல்ல முடிந்தவர்கள் 33 சதவீதம். பயிற்சிக்குப் பின் 72 சதவீதம். மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு, தம் பெரிய பயத்தைச் சொல்ல மூன்று மனிதர்கள் இருக்கவில்லை! எம் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டால் முதல் மூன்று பெயரில் எம் பெயர் வருமா என்ற எண்ணம் வந்து என்னை உலுக்கிவிட்டது.

அறிவு கூடினால் நடத்தையும் மாறிவிடும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சிம்பாப்வேயில் வளர்ந்தோரிடையே தொற்றின் வீதம் பின்வந்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது உண்மையே. அதற்கு மருந்தும், அரசாங்கம் 2000ஆம் ஆண்டு முதல் வருமான வரியோடு சேர்த்து அறவிட்ட எயிட்ஸ் வரியும், கண்ணெதிரே கண்ட மரணங்கள் தந்த பயமும் காரணம். உதைபந்து அதில் ஒரு கை கொடுத்தது.

சுன்னத்துக்கு அழைத்துப்போன பயிற்றுநர்

இனி வரும் செய்தி எம் வாசகியருக்கு வியப்பாக இருக்கும். எம் வீடுகளில் ஆண் பிள்ளைகளுக்குச் செய்யும் சுன்னத்து, அதாவது விருத்தசேதனம், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தைச் சுமார் 60 சதவீதம் குறைக்கின்றதெனத் தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய மூன்று நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. 2007ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம், நோய் மிகுந்த நாடுகளில் இதனை ஒரு தடுப்பு முறையாகச் சிபாரிசு செய்தது. ஆனால் சிம்பாப்வேயில் பெரும்பாலானோரிடம் இவ்வழக்கம் இல்லை. இளைஞர்களுக்கு வலி பற்றிய பயம். கூட்டாளிமார் சிரிப்பார்களென்ற வெட்கம்.

இங்கும் உதைபந்தாட்டப் பயிற்றுநரே உதவினார். தானே அண்மையில் சுன்னத்துச் செய்துகொண்ட இளம் பயிற்றுநர் ஒருவர் பாடசாலைக்கு வருவார். ஒரு மணி நேரம் விளையாட்டும் பேச்சும். எவ்வளவு வலித்தது, எத்தனை நாளில் ஆறியது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்வார். விரும்பும் பையன்களைத் தொடர்ந்து தொலைபேசியில் அழைத்துத் தைரியம் சொல்வார். குறித்த நாளில் வைத்தியசாலைக்குக் கூடவே போவார். புலவாயோவில் இதனை முறைப்படி ஆய்வு செய்து பார்த்தபோது, பயிற்றுநர் வந்த பாடசாலைகளில் சுன்னத்துச் செய்துகொண்டவர் தொகை மற்றப் பாடசாலைகளை விட இரண்டரை மடங்களவு அதிகமாக இருந்தது.

ஒன்றைக் கவனமாக விளங்கிக்கொள்ள வேண்டும் சகோதரிகளே. ஆபத்தைக் குறைக்கின்றதேயன்றி, அடியோடு இல்லாமல் செய்வதில்லை. 'எங்கட ஆம்பிளைகளுக்கு அந்தப் பயமில்லை' என்று யாரும் இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது.

பெண் பிள்ளைகள் எங்கே?

இவ்வளவு நேரமும் பையன்களைப் பற்றியே பேசுகின்றேனே, பெண் பிள்ளைகள் எங்கே என்று நீங்கள் கேட்பது நியாயம். தென்னாபிரிக்காவில் பதினைந்து முதல் இருபத்துநான்கு வயது வரையான பெண்களிடையே எச்.ஐ.வி., அதே வயது ஆண்களிடையே உள்ளதை விட இரண்டு, மூன்று மடங்கு. காரணம், மேலே சொன்ன அந்தக் கூம்புதான்: வயதில் மூத்த ஆண். புத்தகம் வாங்கவும் பஸ்ஸுக்குக் கொடுக்கவும் காசில்லாத பிள்ளைக்குப் பரிசு காட்டும் ஆண். மறுக்கத் தெரியாத, மறுத்தால் அடி விழும் பெண். இவளிடம் போய் 'கவனமாக இரு' என்று சொல்லி என்ன பயன்?

எனவே பெண் பிள்ளைகளுக்கெனத் தனியான பயிற்சிகளைத் தென்னாபிரிக்காவிலும் சாம்பியாவிலும் தொடங்கினார்கள். பயிற்றுநர்களும் பெண்களே. பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்குள், அதே ஊரிலேயே பிறந்து, அதே தெருக்களில் நடந்து வளர்ந்தவர்கள். மைதானம் ஆண்களுக்குரியது என்ற ஊரில், ஒரு மணி நேரத்துக்கு அது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாகின்றது. ஓடுகின்றார்கள், உரத்துச் சத்தமிடுகின்றார்கள். அதன் பின் உட்கார்ந்து, தம் உடலைப் பற்றியும், வீட்டில் அடி விழுந்தால் எங்கே போவதென்பதைப் பற்றியும் பேசுகின்றார்கள். 2009 டிசம்பரில், உலகக் கிண்ணப் போட்டிக்கு ஆறு மாதம் முன்பாக, கேப் டவுன் நகரின் புறத்தே கயெலிட்சா எனும் ஏழை மக்கள் குடியிருப்பில் ஒரு மைதானமும் நிலையமும் திறக்கப்பட்டு இவ்வமைப்பின் பொறுப்பில் விடப்பட்டன. தகரக் கொட்டில்களுக்கு நடுவே, வெளிச்சமுள்ள ஒரு பச்சைத் திடல்.

இந்த முயற்சியில் இன்னொன்று என் கண்ணில் பட்டது. பந்தும் பணமும் வெளியிலிருந்து வந்தாலும், பேசும் வாய் எப்போதும் ஊர் வாயாகவே இருக்கின்றது. டொமி கிளார்க் தானே மைதானத்தில் நின்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்திருந்தால், இன்னொரு வெள்ளைக்கார வைத்தியர் வந்து போனார் என்பதோடு கதை முடிந்திருக்கும். அவர் பின்னால் நின்று பணம் திரட்டினார், பாடங்களைச் செப்பனிட்டார், மற்ற நாடுகளுக்குக் கொண்டு போனார். புலவாயோவில் நின்று நடத்திக் காட்டியவர் என்ட்லோவு. நண்பர் ஈதன் ஸோன் 2008இல் பொஸ்டன் நகரிலிருந்து வொஷிங்டன் வரை 550 மைல் தூரம் உதைபந்தைக் காலால் தட்டிக்கொண்டே நடந்து நிதி சேர்த்தார். மறு வருடமே அவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அதையும் அவர் ஊரறியச் சொன்னார். சிகிச்சை பெற்று மீண்டார்.

எங்கள் நாட்டில்

இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் இனங்காணப்பட்டது 1987இல். இன்று வளர்ந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவானோரிடமே அது காணப்படுகின்றது. பெரும் ஆறுதல்தான். கர்ப்பிணித் தாய்மாருக்கு கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது எச்.ஐ.வி.யும் பார்க்கப்படுகின்றது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இக்கிருமியும் சிபிலிஸ் நோயும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அந்தச் சான்றுக்காக, தாய்மார் பலர் என்னவென்று கேளாமலே கையை நீட்டி இரத்தம் கொடுத்திருக்கின்றார்கள்! அடுத்த முறை மகளையோ மருமகளையோ கிளினிக்குக்குக் கூட்டிப் போகும்போது, அது எதற்கான இரத்தம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் எவரும் இலவசமாக, இரகசியமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். வெளிநாட்டில் நெடுங்காலம் தொழில் பார்த்துத் திரும்பிய ஆணோ பெண்ணோ, சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றைய மருந்தை ஒழுங்காக எடுப்பவர் ஏனையோரைப் போல் நீண்ட காலம் வாழலாம். கிருமி அளவிட முடியாத மட்டத்துக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்குத் தொற்றுவதுமில்லை.

புலவாயோ மைதானத்தில் தொடங்கிய அந்தப் பாடங்கள் ஆபிரிக்காவின் பல நாடுகளுக்கும் அதற்கு அப்பாலும் போய், இலட்சக்கணக்கான பிள்ளைகளைச் சென்றடைந்துள்ளன. முதலில் வட்டத்தில் உட்கார்ந்து, பந்து யார் கையிலென்று கண்டுபிடிக்க முடியாமல் தவித்த பிள்ளைகளில் பலர் வளர்ந்து, தாமே பயிற்றுநராகி, பந்தும் கூம்புகளும் நிறைந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடசாலைகளுக்குப் போகின்றனர்.